பெரியப்பா, அடுத்த தடவை தட்டுகிட்ட நான் நிக்குறேன்

பெரியப்பாவுக்கு,

நல்லா இருக்கீங்களா, முட்டி வலி தேவலையா. இதை நீங்களா படிக்க மாட்டீங்க, கண்ணாடிய எங்க வெச்சேன்னு தேடிட்டு அப்படியே விட்டுடுவீங்க, அக்காதான் போன்ல படிச்சு காட்டணும். நேரா போன் போட்டே பேசியிருக்கலாம், ஆனா அன்னைக்கு பிரிக்ஃபீல்ட்ஸ்ல இருந்த எங்க ஃபிலிம் போட்டோ குழு எட்டு பேரும் இதை படிக்கணும். உங்கள பத்தி அவனுங்க தப்பா நெனச்சுட்டானுங்க, அதுல மொத ஆளு நான்தான்.

உங்கள கூட்டிட்டு போனதே பெருமைக்குத்தான், மறைக்க என்ன இருக்கு. எங்க பெரியப்பா பினாங்குல ஸ்டூடியோ டார்க் ரூம்ல வேலை பாத்தவர், ஒரு நாளைக்கு எரநூறு ஐசி (அடையாள கார்டு) போட்டோ கழுவுனவர்னு ஆறு மாசமா சொல்லிட்டு திரிஞ்சேன். நீங்க கண் டாக்டர பாக்க கோலாலம்பூர் வந்தது எனக்கு தோதா போச்சு. இடிஎஸ் ரயில்ல நாலு மணி நேரம் உக்காந்து வந்த மனுஷன வீட்டுக்குக்கூட கூட்டிட்டு போகாம, சென்ட்ரல்ல இருந்து நேரா அந்த கடைவீட்டு மாடிக்கு ஏத்திட்டேன். பெரியம்மா கேட்டா திட்டுவாங்க.

மேல வந்ததும் மூக்க சுருக்குனீங்க, "இன்னும் இதே நாத்தமாடா"ன்னீங்க, பசங்க சிரிச்சானுங்க. ஒருத்தன் ஜிப் பையில ஐஸ் போட்டு டெவலப்பர்ல, அதான் ஃபிலிம்ல படத்த வரவைக்குற மருந்துல, முக்கிட்டு இருந்தான். குழாய் தண்ணி 28, 29 டிகிரில வருது, எங்களுக்கு 20 வேணும், 20லதான் எச்பி5 ஃபிலிமுக்கு ஏழரை நிமிஷம் சரியா வரும், சூடு ஏற ஏற நிமிஷத்த கொறச்சுக்கிட்டே போகணும், அஞ்சுக்கு கீழ போனா படம் திட்டு திட்டா வந்துடும். அதை பாத்துட்டு நீங்க, "எங்களுக்கு ஐஸ் கட்டி வேற, படிகாரம் வேற"ன்னு ஆரம்பிச்சீங்க. ஃபிலிம் மேல இருக்குறது ஜெலட்டின், வெந்நிக்கு ஊறி ஜவ்வு மாதிரி உரிஞ்சு வந்துடும், அதனால படத்த நிலைக்க வைக்குற ஃபிக்சர்ல படிகாரம் கலந்து இறுக வெப்போம்னு சொன்னீங்க. ஷேவிங் கடையில தடவுற அதே படிகாரமா அங்கிள்னு எங்க குழுவுல இருக்குற பொண்ணு வாய பொளந்துட்டா. அப்புறம் யாரும் கேக்காமலே டி-76ங்குற டெவலப்பரோட கணக்க ஒப்பிச்சீங்க, ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சல்பைட் 100, ஹைட்ரோகுவினோன் 5, போராக்ஸ் 2, மெட்டால்தான் முதல்ல, சல்பைட்ட முன்னாடி கொட்டுனா மெட்டால் கரையாதுன்னு. 1927ல வந்த மருந்து, இன்னைக்கும் அதே பேர்ல பாக்கெட்ல விக்குறான், நாங்க அதை கிழிச்சு கொட்டுறதோட சரி, உள்ள என்ன இருக்குன்னு ஒருத்தனும் கேட்டதில்ல.

அப்புறம் அந்த பத்துமலை படம். தைப்பூசத்துக்கு அந்த பொண்ணு எடுத்தது, காவடிக்காரர் முகம், மயிலிறகு, பின்னாடி வெறும் வானம். பேப்பருக்கு 14 செகண்ட் வெளிச்சம் குடுத்தா முகம் அருமையா வருது, வானம் மட்டும் வெள்ளை பேப்பராவே நிக்குது, மயிலிறகு எங்க முடியுது வானம் எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியல. அவ ஏற்கனவே நாலு பேப்பர் காலி பண்ணிட்டா. நீங்க நெகட்டிவ்வ விளக்குக்கு நேரா புடிச்சு பாத்துட்டு, "மேகம் இருக்கேம்மா உள்ள, வெளிச்சம் பத்தல"ன்னீங்க. சிவப்பு விளக்க போட்டு, நெகட்டிவ்வ பேப்பர்ல பெருசா விழ வைக்குற என்லார்ஜர் விளக்கு கீழ நின்னு, 14 செகண்ட் முடிஞ்சதும் ரெண்டு கையையும் குவிச்சு முகத்த நிழல்ல வெச்சுக்கிட்டு வானத்துக்கு மட்டும் இன்னொரு 20 செகண்ட் விட்டீங்க. கை ஒரு இடத்துல நிக்கல, மெதுவா ஆடிட்டே இருந்துச்சு, நின்னா கோடு விழும்னீங்க. டைமர பாக்கவே இல்ல. சிட், நோ, ஸா, சின்னு வாய்க்குள்ள ஹொக்கியன்ல எண்ணுனீங்க. தமிழ்ல தொழில் கத்துக்கலையா பெரியப்பான்னு கேக்க வந்து அடக்கிக்கிட்டேன், சீன முதலாளிகிட்ட பதினாறு வயசுல போய் நின்னவருக்கு தொழிலோட எண்ணிக்கையும் அந்த பாஷையிலதான வரும்.

பேப்பர எடுத்து அவகிட்ட குடுத்தீங்க. அவ இடுக்கிய நீட்டி, "அங்கிள் நீங்களே போடுங்க, நீங்கதான் போடணும்"னா. நீங்க ரெண்டு கையையும் முதுகுக்கு பின்னால கட்டிக்கிட்டு, "நீ போடும்மா"ன்னு சொல்லிட்டு படிக்கட்டுக்கு போயிட்டீங்க. தட்டுல மேகம் வந்தப்ப எல்லாரும் கத்துனோம். நீங்க திரும்பிகூட பாக்கல.

எனக்கு ரொம்ப கோவம். நம்மள பாத்து எளக்காரம், பொழுதுபோகாத பசங்கன்னு நெனச்சுட்டார்னு. அந்த கோவத்துலதான் கார்ல சண்டை. ஒரு ரோல் ஃபிலிம் நாப்பது வெள்ளிக்கு மேல, போன்ல சும்மா எடுக்குறத விட்டுட்டு எதுக்குடா, கோடாக்கே 2012ல திவால்னு மனு குடுத்துட்டான்னீங்க. நான் விடல, பென்டாக்ஸ் 2024ல புதுசா ஃபிலிம் கேமரா விட்டிருக்கான், ஒரு ரோல்ல 72 படம் எடுக்கலாம்னு அள்ளி விட்டேன். நீங்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டீங்க.

மாமாக் சாப்பாட்டு கடையிலதான் உங்க கைய பாத்தேன். ரொட்டி சானாய பிய்க்குறீங்க, மேல டியூப் லைட்டு. விரல் நடுவுல எல்லாம் தோல் தடிச்சு, பழைய வெடிப்பு தழும்பு. சிவப்பு விளக்குல யாருக்கு தெரியும். கேட்டதுக்கு தே தாரிக் டீய ஆத்திக்கிட்டே, மழை வருமான்னு பேசுற மாதிரி சொன்னீங்க. மெட்டால் ஒத்துக்கல. மொதல்ல அரிப்பு, அப்புறம் வெடிச்சு ரத்தம், நகம் எல்லாம் கருப்பு. கல்யாண வீட்டுல பந்தி பரிமாற போனா கைய பாத்துட்டு இலைய நகத்துனாங்க. கையுறை கேட்டதுக்கு முதலாளி, கையில போட்டா பேப்பர் வழுக்கும்னுட்டார். ஒன்பது வருஷம். அப்புறம் பிறையில பேக்டரி வேலைக்கு போயிட்டீங்க, பெரியம்மாகிட்டகூட சம்பளம் பத்தலன்னுதான் சொல்லியிருக்கீங்க.

நாங்க வார கடைசியில ஆசையா முகந்து பாக்குற நாத்தம், உங்களுக்கு சோத்துல இருந்த நாத்தம். இதை புரிஞ்சுக்காம உங்ககிட்ட பென்டாக்ஸ் கதை பேசுனேன் பாருங்க. மன்னிச்சுடுங்க.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். வீட்டுக்கு வந்து எங்க பாட்டில் எல்லாத்தையும் எடுத்து படிச்சேன். டி-76ல மெட்டால் இருக்கு, அது நீங்க சொன்னதேதான். ஆனா பேப்பருக்கு நாங்க ஊத்துறது இல்ஃபோர்ட் மல்டிகிரேட் டெவலப்பர், அதுல மெட்டால் கெடையாது, ஃபெனிடோன் வகையில ஒண்ணு போட்டிருக்கான். ஃபெனிடோன் மெட்டால் அளவுக்கு தோல பாதிக்காதாம். அதுக்காக கைய விடுங்கன்னு சொல்லல, ஹைட்ரோகுவினோன் அதுலயும் இருக்கு, எங்க பசங்களே வெறுங்கையில அளையிறானுங்க, அவனுங்களுக்கும் சேத்து நைட்ரில் கையுறை ஒரு டப்பா வாங்கியாச்சு. அடுத்த மாசம் கூடுற அன்னைக்கு ஃபிலிம் கழுவ மாட்டோம், பிரின்ட் மட்டும்தான், டி-76 பாட்டில் அறையிலயே இருக்காது. ஃபேனும் வெச்சாச்சு.

உங்க கண்ணு ரெண்டாவது செக்கப்பும் அதே வாரம்தான், அக்காகிட்ட கேட்டுட்டேன். அந்த பொண்ணு காவடி படத்த இன்னும் பெருசா, பன்னெண்டுக்கு பதினாறு இஞ்ச்ல போடப்போறா, வானத்துக்கு எவ்வளவு குடுக்கணும்னு அவளுக்கு புடிபடல, நோட்டுல "34 செகண்ட், அங்கிள் கை"ன்னு எழுதி வெச்சிருக்கா. நீங்க தண்ணி பக்கமே வர வேணாம் பெரியப்பா, விளக்குக்கு கீழ மட்டும் நில்லுங்க, தட்ட நான் பாத்துக்குறேன். இந்த தடவை மொதல்ல வீட்டுக்கு போயி சாப்பிட்டுட்டுதான் மாடி ஏறுவோம்.