குற்றவாளி உள்ளே இருக்கிறது

ஆசிரியருக்கு,

மின் சிகரெட் பையில் வெடித்தது என்று செய்தி வந்தால் கருவியைத்தான் திட்டுகிறோம். உள்ளே இருக்கும் 18650 என்ற, சார்ஜ் செய்யக்கூடிய லித்தியம் பேட்டரியைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

18 மி.மீ. தடிமன், 65 மி.மீ. நீளம். அதற்குள் 3,500 எம்ஏஎச் (மின் கொள்ளளவின் அலகு) அடைப்பதே பெரிய காரியம்; 9,900 என்று அச்சடித்து விற்கிறார்கள். சுத்தப் புளுகு! சரி, எண் உண்மையாகவே இருந்தாலும் அது எவ்வளவு நேரம் ஓடும் என்பதற்குத்தான். எத்தனை ஆம்பியர் தாங்கும் என்பது வேறு கணக்கு. கட்டுப்பாட்டு சர்க்யூட் இல்லாத கருவியில் 0.2 ஓம் சூடேற்றும் கம்பிச்சுருளோடு (coil) போட்டால், முழு சார்ஜில் (4.2 வோல்ட்) 21 ஆம்பியர் இழுக்கும். 10 ஆம்பியர் மட்டுமே தாங்கும் பேட்டரி சூடாகாமல் என்ன செய்யும்?

என் தம்பி உதிரி பேட்டரியைச் சாவிக்கொத்தோடு பேன்ட் பையில் போட்டிருந்தான். எடுத்துப் பார்த்தால் பாசிட்டிவ் முனையில் பிளாஸ்டிக் உறை நகக்கண் அளவுக்குக் கிழிந்திருந்தது. உறைக்கு உள்ளே இருக்கும் உலோகக் கூடு முழுவதும் நெகட்டிவ். நடுவில் இருக்கும் பாசிட்டிவ் பொட்டுக்கும் அதற்கும் இடையே மெல்லிய வளையம் மட்டும்தான். ஒரு சாவி குறுக்கே பட்டால் போதும், ஷார்ட் சர்க்யூட்தான்.

மின் சிகரெட் பழக்கத்தை நான் ஆதரிக்கவில்லை, அது தனிப் பேச்சு. அடுத்த முறை வெடிப்புச் செய்தி போடும்போது என்ன பேட்டரி, உறை எப்படி இருந்தது என்பதையும் விசாரித்து எழுதுங்கள்.

— ஒரு வாசகர்