பெயர்ப்பலகை இல்லாத கடை

அன்பு மகனுக்கு,

நாங்கள் நல்ல சுகம். இரணைமடுவில் தண்ணீர் நிற்கிறது, இந்த முறை சிறுபோகமும் விதைத்திருக்கிறோம். அம்மாவின் முழங்கால் நோ முன்னையைவிடப் பரவாயில்லை.

போன கிழமை பேத்தி போனில் நிறையக் கதைத்தாள். சனிக்கிழமைகளில் நீ அவளை டிம் ஹோர்ட்டன்ஸ் கோப்பிக் கடைக்குக் கூட்டிப் போய் டிம்பிட்ஸ் என்ற சின்ன உருண்டை டோனட் வாங்கிக் கொடுக்கிறாயாம். 1964 இல் கனடாவின் ஹமில்டனில் ஒரு ஹொக்கி வீரர் தொடங்கிய கடையாம், அதையும் சொன்னாள். கேட்கச் சந்தோஷமாக இருந்தது. பிறகு, "அப்பாவுக்குச் சின்ன வயதில் இப்படி ஒரு கடை இருக்கவில்லையாம், அப்பப்பா" என்றாள். அதற்காகத்தான் இந்தக் கடிதம். இருந்தது மகன். நீ அப்போது சின்னப் பிள்ளை, மறந்திருப்பாய். ஆனால் அவளுக்கு அது தெரிய வேண்டும்.

கிளிநொச்சியில், கரடிப்போக்குச் சந்திக்குக் கிட்ட, கிடுகால் வேய்ந்த தேத்தண்ணிக் கடை. பெயர்ப்பலகை எதுவும் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் கோயிலால் வரும்போது நீ என் சைக்கிள் பாரில் இருப்பாய், அக்கா கரியரில், அம்மா தன் சைக்கிளில். வாங்கில் போய் இருந்தவுடன் கடைக்கார அண்ணை ஒரு தட்டு நிறைய, வாழைப்பழமும் மாவும் குழைத்துப் பொரித்த வாய்ப்பனும் உளுந்து வடையும் கொண்டுவந்து மேசையில் வைப்பார். தின்றதற்கு மட்டும்தான் காசு. நீ நன்றாகச் சிவந்த வாய்ப்பனாகத் தேடித் தட்டு முழுவதையும் கிளறுவாய், அம்மா உன் கையில் தட்டுவார். அண்ணை, "பிள்ளை எடுக்கட்டும், விடுங்கோ" என்பார். ஒரு நாளாவது அவர் உன்னிடம் முகம் சுளித்ததை நான் காணவில்லை.

1990 இல் சண்டையால் பாதை பூட்டிய பிறகு மண்ணெண்ணெய், பட்டறி, சவர்க்காரம் எல்லாமே தட்டுப்பாடு. மாவும் சீனியும் யானை விலை. கடையில் ஜாம் போத்தல் விளக்குத்தான். அந்த நாட்களில் அண்ணை சீனியைக் குறைத்து, கனிந்த கதலிப் பழத்தைக் கூட்டிப் போட்டார். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே மெத்தென்று பழவாசம். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு பிளேன்டீ குடித்தோம். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வாய்ப்பனுக்கு நிகராக நான் பிறகு ஒன்றும் தின்னவில்லை.

1996 இல் சண்டையால் இடம்பெயர்ந்து, கிளிநொச்சியை விட்டு அக்கராயன் பக்கத்தால் மல்லாவிக்குப் போனோம். அங்கே ஒரு பின்னேரம் சந்தையடியில் நீதான் முதலில் கண்டாய், அண்ணை வாய்ப்பன் அடுக்கி வைக்கும் அதே கண்ணாடிப் பெட்டி! அண்ணை அதை வைக்கோல் சுற்றி, உழவு இயந்திரத்தில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார். தாச்சியும் அதே தாச்சிதான். ஊரே சிதறிக் கிடந்த நேரத்தில் அந்தக் கொட்டிலில்தான் எங்கள் சனத்தை மறுபடி கண்டோம். யார் எங்கே இருக்கிறார்கள், யாருக்குக் காய்ச்சல் என்பதெல்லாம் அங்கே விசாரித்துத்தான் அறிந்தோம்.

2002 ஏப்ரலில், பூட்டிக் கிடந்த ஏ9 பாதை திறந்தபோது அண்ணையும் கிளிநொச்சிக்குத் திரும்பினார். அடுத்த வருடம் நீ வெளிக்கிட்டாய். பயணத்துக்கு முதல் நாள் அவர் ஒரு பை நிறைய வாய்ப்பன் கட்டித் தந்தது உனக்கு நினைவிருக்க வேண்டும்.

2009 இல், சண்டையின் கடைசி நாட்களில், அண்ணை முள்ளிவாய்க்காலோடு போய்விட்டார். நாங்கள் மீளக் குடியேறி வந்தபோது தண்ணீர்த் தாங்கி சரிந்து கிடந்தது, கடை இருந்த இடத்தில் சீமெந்து நிலம் மட்டும். இப்போது அவருடைய மகள் வீட்டிலேயே சுட்டு, சந்தியில் உள்ள கடைகளுக்குக் கொடுக்கிறாள். விடியவே போனால்தான் கிடைக்கும். கை தகப்பனுடைய கைதான். அம்மாவுக்கும் எனக்கும் அதில் பெரிய ஆறுதல்.

அவளிடம் கேட்டுப் பக்குவத்தை எழுதுகிறேன். நீ பிள்ளையோடு சேர்ந்து செய்து பார். தோல் கறுக்கத் தொடங்கிய வாழைப்பழத்தை மசித்து, கொஞ்சம் சீனி, ஒரு சிட்டிகை உப்பு, அதேயளவு அப்பச்சோடா சேர். கோதுமை மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் குழை. தண்ணீர் விடாதே, பழத்தின் ஈரமே போதும். மா இறுகினால் வாய்ப்பன் கல்லாகிவிடும், இளகினால் எண்ணெய் குடிக்கும். சற்று நேரம் மூடி வைத்துவிட்டு, உருட்டி நடுத்தரச் சூட்டில் பொரி. சூடு கூடினால் வெளியே கறுத்து உள்ளே மா பச்சையாக நிற்கும்.

மசிப்பதையும் குழைப்பதையும் பேத்தி செய்யட்டும். எண்ணெயில் போடுவது நீ, அவளை அடுப்புக்குக் கிட்ட விடாதே. அப்புறம், அவள் தின்னும்போது ஒரு படம் எடுத்து அக்காவின் போனுக்கு அனுப்பு. அண்ணையின் மகளுக்கும் காட்ட வேண்டும்.

அன்புடன்,
அப்பா