நிலவில் போட்ட துளையைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் திருச்செங்கோட்டுக்காரன். 31 வருடமாக ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் இருக்கிறேன். உதவியாளாகச் சேர்ந்து இப்போது டிரில்லர். ஆகஸ்ட் 23, தேசிய விண்வெளி நாளுக்காக உங்கள் நாளிதழ் போட்ட சிறப்புப் பக்கத்தைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். சந்திரயான் 3 இறங்கிய படம் பெரிதாக இருந்தது. நாமக்கல் மண்ணைப் பற்றி ஒரு பெட்டிச் செய்தியும் இருந்தது. எங்கள் மாவட்டத்தின் பெயரைப் பார்த்ததும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் 'நாமக்கல் மண் நிலவுக்குச் சென்றது' என்று போட்டிருக்கிறீர்கள். அது தவறு. அதைவிட வருத்தம், இறங்கிய பிறகு அங்கே என்ன தெரியவந்தது என்று ஒரு வரிகூட இல்லை.

முதலில் மண் விஷயம். பரமத்தி வேலூர் பக்கம் சித்தம்பூண்டி, குன்னமலை ஊர்களில் கிடைக்கிற வெளிர் நிறக் கல்லுக்கு அனார்த்தோசைட் என்று பெயர். நிலவின் மேட்டுப் பகுதிகளில் இருப்பதும் இந்த இனத்துக் கல்தான். அதனால் இஸ்ரோ இங்கிருந்து கல்லை எடுத்து, பொடியாக்கி, பெங்களூரில் நிலவின் தரை மாதிரி பரப்பி, நிலவில் இறங்கும் கலமான லேண்டரின் கால்களையும், அங்கே ஊர்ந்து போகும் வண்டியான ரோவரின் சக்கரங்களையும் அதில் சோதித்தது. 2012 முதல் ஏறத்தாழ 50 டன் போயிருக்கிறது. சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலவியல் துறைக்கு இதில் பெரிய பங்கு உண்டு. நிலவுக்குப் போன வண்டி நடை பழகியது எங்கள் மண்ணில். இதைச் சரியாகச் சொன்னாலே எங்களுக்குப் போதுமான பெருமை.

அந்தக் கல்லில் நான் போர் போட்டிருக்கிறேன். தண்ணீர் படும்வரை கல்தூள் புகைதான் வரும். கருங்கல்லில் வருகிற புகை சாம்பல் நிறம். இதில் கோலமாவு மாதிரி வெள்ளையாக எழும்பி, புருவம், மீசை எல்லாம் நரைத்துப் போகும். துளைக்கிற ராடு ஒவ்வொன்றாக இறங்கும்போதும் ஒரு கை பொடியை அள்ளி வரிசையாகக் குவித்து வைப்போம். நிலத்துக்காரர் வந்து பார்த்தால் அடியில் என்ன இருக்கிறது என்று அந்த வரிசை சொல்லிவிடும்.

சந்திரயான் 3இன் பிரக்யான் ரோவர் செய்ததும் ஏறக்குறைய இந்த வேலைதான். 103 மீட்டர் ஊர்ந்து, 23 இடத்தில் மண்ணில் என்னென்ன தனிமங்கள் இருக்கின்றன என்று அளந்தது. அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தினர் அந்தக் கணக்கை 2024 ஆகஸ்டில் 'நேச்சர்' ஆய்விதழில் வெளியிட்டார்கள். 23 இடத்திலும் மண் கிட்டத்தட்ட ஒரே மாதிரி, அனார்த்தோசைட் கல்லில் இருந்து வந்த மண். இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நிலவு பிறந்த புதிதில் முழுக்க உருகிய பாறைக் கடலாக இருந்தது, கனமானவை அடியில் தங்கி, அனார்த்தோசைட் மாதிரி லேசானவை பருப்பு வேகும்போது நுரை ஒதுங்குகிற மாதிரி மேலே மிதந்து மேலோடாக இறுகின என்பது 1969இல் அப்பல்லோ 11 கொண்டுவந்த மண்ணைப் பார்த்துச் சொன்ன கருத்து. தென் துருவத்துக்கு இவ்வளவு பக்கத்தில் அதுவரை யாரும் மண்ணைத் தொட்டு அளந்ததில்லை. அங்கேயும் அதே சாட்சி கிடைத்திருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த மண்ணில் மக்னீசியம் எதிர்பார்த்ததைவிட அதிகம். இறங்கிய இடத்தில் இருந்து சுமார் 350 கிலோமீட்டரில் தென்துருவ ஐட்கன் படுகையின் விளிம்பு இருக்கிறது. ஏதோ ஒரு பெரிய விண்கல் மோதி ஏற்பட்ட சுமார் 2,500 கிலோமீட்டர் அகலப் பள்ளம் அது. அந்த மோதலில் மக்னீசியம் அதிகமுள்ள ஆழத்து மண் கிளம்பி வந்து மேல் மண்ணில் கலந்திருக்கிறது என்கிறார்கள். அடிமண் மேலே வந்தால் அதில் என்ன தெரியும் என்பது எங்கள் தொழில்காரர்களுக்கு நன்றாகப் புரியும்.

அப்புறம் அந்தத் துளை. விக்ரம் லேண்டரில் சாஸ்டே என்று ஒரு கருவி. 10 வெப்பமானிகள் பொருத்திய ஒரு கம்பியை மோட்டாரால் நிலவின் தரைக்குள் 10 செ.மீ. இறக்கினார்கள். நாங்கள் இறக்குகிற ஆயிரம் அடிக்கு முன்னால் இது ஒன்றுமில்லை என்று நினைத்துவிட வேண்டாம். நாசாவின் இன்சைட் விண்கலம் செவ்வாய் கிரகத்தில் 5 மீட்டர் இறக்கப் பார்த்த கருவி, பக்கத்து மண் பிடித்துக்கொள்ளாததால் அடிக்க அடிக்கத் துள்ளி, முழுசாகத் தரைக்குள் மறைந்து 2, 3 செ.மீ. போனதோடு நின்றுவிட்டது. 2021 ஜனவரியில் கைவிட்டார்கள். பிடிமானம் இல்லாத மண்ணில், கல்லை அடித்து உடைக்கிற ஹேமர் துள்ளுவதை நான் கையால் உணர்ந்தவன். ஆளே இல்லாமல், 3,84,000 கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் 10 செ.மீ. நேராக இறக்கியது சாதாரண வேலை இல்லை.

அந்தத் துளை சொன்ன கணக்கு 2025இல் வெளியானது. கருவி நின்ற இடம் சூரியனைப் பார்த்து 6 டிகிரி சரிவு. அங்கே மேல்தரையில் பகல் வெப்பம் 82 டிகிரி வரை போயிருக்கிறது. ஒரு மீட்டர் தள்ளிச் சமதரையில் சுமார் 59தான். சரிவு கொஞ்சம் மாறினாலே இவ்வளவு வித்தியாசம் என்றால், சூரியனுக்கு முதுகு காட்டி துருவத்தைப் பார்த்து 14 டிகிரிக்கு மேல் சரிந்த இடங்களில் அதிக ஆழம் போகாமலே பனிக்கட்டி இருக்கலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

இதெல்லாம் எனக்குத் தெரிந்தது என் மகளால். அவள் நிலவியல் படிக்கிறாள். ஆங்கிலத்தில் வந்ததைப் படித்துப் படித்துச் சொன்னாள். போன மாதம் இரவு வண்டியடியில் சோறு சாப்பிடும்போது பையன்களிடம் இதைச் சொன்னேன். அதில் ஒரு பையன், சத்தீஸ்கர்க்காரன், "அண்ணா, அங்கே எத்தனை அடியில் தண்ணீர்?" என்று கேட்டான். அவனுக்குச் சொல்ல என்னிடம் ஏதோ இருந்தது. மகள் படிக்காத வீட்டில் அதுவும் இருந்திருக்காது.

நிலவில் இருந்து மண் எடுத்துவரும் சந்திரயான் 4க்கு 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்துவிட்டது. சீனாவின் சாங்இ 6 நிலவின் மறுபக்கத்தில் இருந்து 1,935 கிராம் கொண்டுவந்துவிட்டது. ஏவுகிற அன்றும் இறங்குகிற அன்றும் நீங்கள் பக்கம் பக்கமாகப் போடுவீர்கள். முடிவு வெளியாகிற அன்றும் ஒரு முழுப் பக்கம் ஒதுக்குங்கள், படத்தோடு, தமிழில். அப்படி ஒதுக்கும் பக்கங்களில் முதலாவதாக, மேலே சொன்ன ரோவரின் மண் கணக்கையும் சாஸ்டே துளையின் கணக்கையும் போடலாம். உங்கள் நிருபரை குன்னமலைக்கு அனுப்பினால் நானே கூட்டிப்போய்க் கல்லைக் காட்டுகிறேன். தீபாவளி வரை ஊரில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
ஒரு ரிக் டிரில்லர்,
திருச்செங்கோடு.