கறை படிந்த பல்லைத் தேய்க்காதீர்கள்

எங்களிடம் முன்பற்களுக்கு காம்போசிட், வெனீர் (பல்லின் முன்பக்கத்தில் ஒட்டும் மெல்லிய தகடு), கேப் (பல்லை முழுவதும் மூடும் உறை) வைத்துக்கொண்ட அனைவருக்கும் வணக்கம்.

"கறை பிடித்துவிட்டது, எதைப் போட்டுத் தேய்த்தால் போகும்?" என்று நிறையப் பேர் போனில் கேட்கிறீர்கள். தயவுசெய்து கறையை எடுக்க எதையும் போட்டுத் தேய்க்க வேண்டாம்.

பல் இடுக்கை அடைக்கவும் உடைந்த முனையைச் சரிசெய்யவும் நாங்கள் வைக்கும் காம்போசிட், பிசினும் மிக நுண்ணிய கண்ணாடித் துகள்களும் கலந்த பொருள். அந்தப் பிசின் வாயின் ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும். டீ, காபி, குழம்பு மஞ்சள், வெற்றிலை, புகையிலை எல்லாவற்றின் நிறமும் அதோடு உள்ளே போகும். மேல்பக்கம் வழவழப்பாக இருக்கும்வரை இது மெதுவாகத்தான் நடக்கும். கரித்தூளோ உப்போ சொரசொரப்பான பல்பொடியோ போட்டுத் தேய்த்தால் அந்த வழவழப்பு போய்விடும். அன்றைக்குப் பளிச்சென்று தெரியும், அப்புறம் கீறல்களில் கறை முன்பைவிட வேகமாக ஏறும்.

வைத்த முதல் 2 நாட்கள் டீ, காபி, மஞ்சள் அதிகம் சேர்த்த குழம்பைத் தவிர்த்துவிடுங்கள். அதன்பிறகு எதையும் விட வேண்டியதில்லை. குடித்ததும் சாப்பிட்டதும் தண்ணீரால் நன்றாகக் கொப்பளித்தால் போதும். வழக்கம்போல் பல் துலக்க மென்மையான பிரஷ், சாதாரண ஃபுளோரைடு பேஸ்ட் போதுமானது. வெற்றிலை, புகையிலை மட்டும் வேண்டவே வேண்டாம். கறையைவிடப் பெரிய கேடு அவற்றில் இருக்கிறது.

ஈறு வீக்கத்துக்குத் தரும் குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷும் பழுப்புக் கறை உண்டாக்கும். சொன்ன நாட்களுக்கு மேல் அதைத் தொடராதீர்கள், கொப்பளித்த கையோடு டீ குடிக்காதீர்கள்.

பீங்கான் வெனீரும் கேப்பும் நிறத்தை உறிஞ்சாது. ஆனால் அவை பல்லோடு சேரும் ஓரத்தில் கறை வரலாம். ஓரத்தில் பழுப்புக் கோடு தெரிந்தால் தள்ளிப்போடாமல் வாருங்கள். வெறும் கறையாகவும் இருக்கலாம், ஒட்டு விட்டு உள்ளே சொத்தை தொடங்கியும் இருக்கலாம், பார்த்தால்தான் தெரியும். பழைய கேப்பில் ஈறை ஒட்டித் தெரியும் கருங்கோடு பெரும்பாலும் உள்ளிருக்கும் உலோகம்தான், அதைத் தேய்த்துப் பயனில்லை.

காம்போசிட்டில் மேலோட்டமான கறை என்றால் பாலிஷ் செய்தாலே போய்விடும். ஆழமாக இறங்கியிருந்தால் மேலடுக்கை மட்டும் எடுத்துப் புதிதாக வைப்போம். அநேகமாக முழுவதையும் மாற்ற வேண்டியிருக்காது. வேறு இடத்தில் க்ளீனிங் செய்துகொண்டால், எந்தப் பல்லில் காம்போசிட், எதில் வெனீர் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். க்ளீனிங் கருவி பட்டு அவற்றில் கீறல் விழவோ ஓரம் உடையவோ கூடும்.

கடையில் விற்கும் வெண்மையாக்கும் ஜெல் சொந்தப் பல்லை மட்டும்தான் வெளுக்கும். காம்போசிட்டும் பீங்கானும் பழைய நிறத்திலேயே நிற்க, வித்தியாசம் இன்னும் எடுப்பாகத் தெரியும். அதனால் பல்லை வெளுக்க வைக்கும் ப்ளீச்சிங் முதலில், 2 வாரம் கழித்து அந்த நிறத்துக்குப் பொருத்தமாக காம்போசிட். கல்யாணத்துக்காகக் கேட்பவர்கள் முகூர்த்தத்துக்கு முந்தைய வாரம் வராமல், குறைந்தது ஒன்றரை மாதம் முன்பே வந்து பேசுங்கள்.

அன்புடன்,
உங்கள் பல் மருத்துவமனைக் குழுவினர்