பணத்தை நிறுத்து, டிக்கெட்டைப் போடு

கும்பகோணம்

அன்புள்ள மைனருக்கு,

நலம், நலமறிய ஆவல். தங்கச்சியும் பிள்ளைகளும் சுகம் என்று நம் கூட்டாளி கல்வெட்டு சொன்னான். அவன் சொன்னால் அது கல்வெட்டுதானே, மேலே விசாரிக்கவில்லை.

முதல் காரியம்: அந்த ஐந்து லட்சத்தை அனுப்பாதே.

விடுதிக் கட்டணம் கட்ட முடியாத பிள்ளைகளுக்கு என்று நீ நம் முன்னாள் மாணவர் சங்கக் குழுவில் எழுதியதும் நம் ஆட்கள் கைதட்டல் படமாகப் போட்டுத் தள்ளிவிட்டார்கள். உன் பாஸ்போர்ட் சிவப்பாகிவிட்டதை ஒருத்தனும் நினைக்கவில்லை. பொருளாளர் பதவியை என் தலையில் கட்டியிருக்கிறீர்கள், நான் நினைத்தாக வேண்டும். சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிய அன்றே, 2010-ஆம் ஆண்டின் அயல்நாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் கண்ணில் நீ அந்நியன் ஆகிவிட்டாய். இந்திய வம்சாவளிக்காரர்களுக்குக் கொடுக்கும் ஓ.சி.ஐ. அட்டை விசாவுக்கு உதவும், இதற்கு உதவாது. டாலராக அனுப்பினாலும் சரி, ஊருக்கு வந்து ரூபாய் நோட்டாக என் கையில் கொடுத்தாலும் சரி, கொடுத்தவர் யார் என்றுதான் சட்டம் கேட்கும்.

அந்தப் பணத்தை வாங்க வேண்டுமென்றால் சங்கம் உள்துறை அமைச்சகத்தில் பதிவாகியிருக்க வேண்டும். அதற்குச் சங்கத்துக்கு மூன்று வயதாவது ஆகியிருக்க வேண்டும், அந்த மூன்று வருஷத்தில் குறைந்தது 15 லட்சம் ரூபாய் சங்கத்தின் நோக்கத்துக்காகச் செலவாகியிருக்க வேண்டும். நம் சங்கமோ 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி போன வருஷம் ஏழு கையெழுத்தோடு பிறந்த குழந்தை. இதுவரை செலவு என்று சொல்லிக்கொள்ள லெட்டர்பேடும் ரப்பர் ஸ்டாம்பும் இருக்கின்றன. பதிவு இல்லாதவர்களுக்கு முன் அனுமதி என்று ஒரு வழி உண்டு. இன்னார், இவ்வளவு, இந்த வேலைக்கு என்று உன் ஒப்புதல் கடிதத்தோடு விண்ணப்பிக்க வேண்டும். பணம் வந்து இறங்குவதற்கு ஸ்டேட் பாங்கின் புதுதில்லி முதன்மைக் கிளையில் தனிக் கணக்கு வேண்டும். செய்யலாம்தான், டிசம்பருக்குள் ஆகிற வேலை இல்லை.

"பேநவில் (PayNow) உன் நம்பருக்குப் போட்டுவிடுகிறேன், நீ சங்கத்துக்கு மாற்றிவிடு" என்று எழுதியிருக்கிறாயே, இருக்கிற வழிகளிலேயே மோசமானது அதுதான். சிங்கப்பூரின் பேநவையும் நம் யுபிஐ-யையும் 2023 பிப்ரவரியில் இணைத்தது தனி ஆள் தனி ஆளுக்கு அனுப்பிக்கொள்வதற்கு. சங்கத்துக்கான பணம் பொருளாளரின் சொந்தக் கணக்கில் தங்கிவிட்டுப் போனால் ஆடிட்டர் கேட்பதற்கு முன்னால் என் வீட்டிலேயே கேட்பார்கள்.

ஒரு வழி இருக்கிறது. தங்கச்சி இன்னும் நம் நாட்டுப் பாஸ்போர்ட்தானே? வெளிநாட்டில் இருக்கும் இந்தியக் குடிமகன் தன் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாகக் கொடுத்தால் அது அயல்நாட்டுப் பங்களிப்பில் சேராது. அவர் பெயரில் மட்டும் உள்ள கணக்கிலிருந்து வரட்டும். உன் பெயரும் சேர்ந்த கூட்டுக் கணக்கு வேண்டாம், நாளைக்கு எது யார் பணம் என்று பிரித்துக் காட்ட முடியாது. கூடவே பாஸ்போர்ட்டின் முதல் பக்க நகலும், "இந்தியக் குடிமகள், என் சொந்தச் சம்பாத்தியம்" என்று இரண்டு வரிக் கடிதமும் வேண்டும். உன் பணத்தை அவர் கணக்கில் ஊற்றி அனுப்பும் வித்தையெல்லாம் வேண்டாம். அவர் சம்பளம், அவர் விருப்பம். கேட்கும்போது நான் கேட்டதாகவே சொல், நீ கேட்டால் கிடைக்காது.

டிசம்பரில் வைத்திருக்கும் முன்னாள் மாணவர் விழாவுக்கான ஆயிரம் ரூபாயை நீயே கட்டலாம். சாப்பாட்டுக்கும் கையில் கொடுக்கும் பைக்கும் ஈடாக வாங்கும் கட்டணம் நன்கொடைக் கணக்கில் வராது. அதற்கு ரசீதுப் புத்தகமே தனியாக அடித்திருக்கிறேன்.

இனி தேதி. டிசம்பர் 27, ஞாயிறு. முதலில் 26 என்றுதான் போட்டார்கள்: வெள்ளி கிறிஸ்துமஸ், சனி விழா, ஞாயிறு ஊர் திரும்பலாம் என்று. அழைப்பிதழ் மாதிரி வந்ததுமே வேண்டாம் என்று எழுதினேன். 2004-க்குப் பிறகு நாகப்பட்டினத்துக்காரர்களுக்கு டிசம்பர் 26 மேளம் கொட்டுகிற நாள் இல்லை. அக்கரைப்பேட்டையிலும் கீச்சாங்குப்பத்திலும் அன்று காலையில் கடலில் பால் ஊற்றிக்கொண்டிருப்பார்கள். நம் செட்டில் அந்தப் பக்கத்து ஆட்கள் யார் யார் என்று உனக்கே தெரியும். கமிட்டி ஒரு வார்த்தை பேசாமல் மாற்றிக்கொண்டது. அதற்காகவே அவர்களுடைய மற்ற பாவங்களை மன்னித்தேன்.

பிப்ரவரியில் வைத்தால் என்ன என்று கேட்டாய். தையும் மாசியும் முகூர்த்த மாதம். நல்ல சமையல் மாஸ்டர், பந்தல்காரர், மைக் செட்டுக்காரர் யாரும் கைக்குக் கிடைக்க மாட்டார்கள், கிடைத்தாலும் கல்யாண ரேட்தான். மார்கழியில் கல்யாணம் கிடையாது, அவர்கள் கை ஓய்ந்திருக்கும், பேரம் பேசலாம். வெளிநாட்டில் இருக்கும் உங்களுக்கும் அப்போதுதான் லீவு. பயம் மழையைப் பற்றித்தான். கஜா புயல் 2018 நவம்பர் 16-ல் வந்தது, அந்த வாரத்தில் விழா வைக்க எவனும் துணிய மாட்டான். மார்கழி பிறந்தால் பெரும்பாலும் தணியும். பெரும்பாலும் என்ற சொல்லை நம்பி முன்னூறு பேரைத் திறந்தவெளியில் உட்கார வைக்க முடியாது, அதனால் கூட்டம் அரங்கத்துக்குள், வெளியே சாப்பாட்டுப் பந்தல் மட்டும். அதுவும் துணிப் பந்தல் கூடாது, தகரம்தான். நம் வளாகத்துக் களிமண் ஒரு மழை குடித்தால் முளைக்கம்பு நிற்காது. துணியில் தண்ணீர் தொப்பையாகத் தேங்கும், ஒரு பக்கக் கயிறு தளர்ந்தால் அவ்வளவும் மூன்றாவது இலை வரிசையில் கொட்டும். கார் நிறுத்தவும் பக்கத்து வயல் கிடைக்காது, சம்பா கதிர் வந்து நிற்கும். விளையாட்டுத் திடலின் ஓரம் கப்பி போட்ட இடத்தில் அறுபது கார் நிற்கும், மீதி மெயின் ரோட்டில்.

லாட்ஜை நம்பாதே. அரையாண்டு லீவு, நவக்கிரக வேன்கள், ஐயப்ப சாமிகள், புத்தாண்டுக்கு வேளாங்கண்ணி போகிறவர்கள் என்று கும்பகோணம் நிரம்பி வழியும். விடுதிப் பிள்ளைகள் ஊருக்குப் போயிருப்பார்கள், அறைகளைக் கேட்டு எழுத்தில் அனுமதி வாங்கியாயிற்று. போர்வையும் கொசுவலையும் நீதான் கொண்டுவர வேண்டும். திருச்சியில் இறங்கினால் இங்கே வர இரண்டரை மணி நேரம் வை. சென்னையிலிருந்து உழவன் விரைவு ரயிலில் வருகிறவர்களுக்கு: முன்பதிவு இப்போது அறுபது நாள்தான், பழைய நூற்றிருபது 2024 நவம்பரோடு போயிற்று. 26 இரவு புறப்பட அக்டோபர் 27 காலை எட்டு மணிக்குத் திறக்கும், 27 இரவு திரும்ப அக்டோபர் 28. ஓமப்பொடியிடம் சொல்லி வை. அவன் தட்கலையே நம்பி வாழ்கிறவன், இந்த வாரத்தில் தட்கல் ஒரு நிமிஷம் நிற்காது.

இப்போது என் வயிற்றெரிச்சல். பொன்னாடை.

நிகழ்ச்சி நிரலின் முதல் வரைவில் முப்பத்தைந்து பேருக்குப் பொன்னாடை போட்டிருந்தார்கள். ஓர் ஆளுக்குப் பெயர் வாசித்து, படியேறி, போர்த்தி, போட்டோவுக்குச் சிரித்து, இறங்க ஒன்றரை நிமிஷம் ஆகும். ஐம்பது நிமிஷத்துக்கு மேல் அதிலேயே போயிற்று. தமிழ்த்தாய் வாழ்த்தையே 55 விநாடியில் பாடி முடிக்க வேண்டும் என்று அரசு வரையறுத்திருக்கிறது. நம் துணைத்தலைவரின் வரவேற்புரைக்கு மட்டும் வரையறை இல்லை. ஐம்பது நிமிஷம் தள்ளினால் என்ன என்கிறார்கள். பந்தியைப் பார். ஒரு பந்திக்கு நூறு இலை. இலை போட்டு, பரிமாறி, சாப்பிட்டு எழுந்து, மேஜை துடைத்து, மறுபடி இலை போட நாற்பது நிமிஷம். முன்னூறு பேருக்கு மூன்று பந்தி, பரிமாறியவர்களுக்கும் டிரைவர்களுக்கும் அரைப் பந்தி. பன்னிரண்டரைக்கு ஆரம்பித்தால் மூன்று மணிக்குள் இலை எடுத்துவிடலாம். ஒன்றரைக்கு ஆரம்பித்தால் மூன்றாம் பந்திக்காரன் மூன்று மணிக்கு ஆறிப்போன சாம்பாரோடு உட்காருவான். அவன் பெரும்பாலும் விடுதியில் நமக்கு ஜூனியராக இருந்தவன், அப்போதும் கடைசிப் பந்தி, இப்போதும் கடைசிப் பந்தி.

சண்டை போட்டுப் பாதி ஜெயித்தேன். பழைய ஆசிரியர்களுக்கு மட்டும் மரியாதை, அதுவும் அவர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கே போய். எழுபத்தைந்து, எண்பது வயது. மேடைப் படிக்குக் கைப்பிடி கிடையாது, போன தடவை ஒருவர் இரண்டாம் படியில் நின்று யார் கையையாவது தேடியதை நீ வீடியோவில் பார்த்திருப்பாய். முன்வரிசையில் கை வைத்த நாற்காலி, பக்கத்தில் தண்ணீர், கழிப்பறைக்கு அருகில் உள்ள கதவு. பிரமுகர்களுக்குப் பொன்னாடைக்குப் பதில் புத்தகம், நாற்காலியிலேயே முன்கூட்டி வைத்துவிடுவோம்.

சாப்பாடு: காலையில் இட்லி, கடப்பா. மதியம் அசோகா அல்வாவோடு இலை. மாஸ்டர் கிலோ அரிசிக்கு எட்டு இலை என்று நாற்பது கிலோ கேட்டார். காலை டிபன் இருக்கிறது, பாதிப் பேர் சர்க்கரைக்காரர்கள், முப்பத்தைந்து போதும் என்று முடித்தேன். துவரம்பருப்பு பன்னிரண்டு கிலோ. இரண்டு வேளைக் காபிக்குப் பால் ஐம்பது லிட்டர். கடப்பாவில்தான் வெளியூர்ச் சமையல்காரர்கள் கோட்டை விடுவார்கள். பாசிப்பருப்பு வெந்து நிற்க நிற்க இறுகும். விடியற்காலையிலேயே செய்து வைத்தால் எட்டு மணிக்குக் களியாகிவிடும், வெந்நீர் விட்டு இளக்கினால் சோம்பு வாசனை போய்விடும். பருப்பையும் உருளைக்கிழங்கையும் தயாராக வைத்துக்கொண்டு, தேங்காயும் பொட்டுக்கடலையும் அரைத்த விழுதை முதல் பந்தி உட்காரும்போதுதான் சேர்க்க வேண்டும். தயிரும் அப்படித்தான், மார்கழிக் குளிரில் சீக்கிரம் உறையாது, முந்தின நாள் மாலை ஆறு மணிக்கே பிரை குத்தச் சொல்லியிருக்கிறேன்.

உனக்கு வைத்திருக்கும் வேலை பதிவு மேஜை. அகர வரிசைப்படி பிரிக்காதே. இனிஷியலா, பெயரா என்று வரிசையில் நின்றே விவாதிப்பார்கள். சேர்ந்த வருஷப்படி நான்கு மேஜை, பணம் வாங்க ஐந்தாவது தனி மேஜை. ஓர் ஆள் பெயரும் எழுதிப் பணமும் எண்ணினால் இரண்டும் கெடும். கழுத்து அட்டையை இரண்டு பக்கமும் அச்சடி, கயிற்றில் தொங்குகிற அட்டை எப்போதும் வெள்ளைப் பக்கத்தைத்தான் காட்டும். பெயர் இரண்டடி தள்ளி நின்றாலும் தெரிகிற அளவுக்கு, கீழே துறை, வருஷம், விடுதி அறை எண். பட்டப்பெயர் போடுவது அவரவர் சம்மதத்தில். மைனர் என்று உனக்கு ஏற்கெனவே அடித்தாகிவிட்டது.

பெண்கள் பட்டியல்தான் பாதிகூட நிரம்பவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் மாறி, ஊர் மாறி, நம்பர் மாறி, வாட்ஸ்அப் குழுக்களில் சேர்க்கப்படாமலே போனவர்கள் நிறைய. சேர்க்கைப் பதிவேட்டில் அப்பா பெயரும் ஊரும் இருக்கின்றன. நாச்சியார்கோவில், பாபநாசம், வலங்கைமான் என்று ஊர்வாரியாகப் பிரித்து, அந்தந்த ஊரில் இருக்கிற நம் ஆட்கள் வீடு தேடிப் போய் விசாரிக்கிறார்கள். கிடைத்தவர்களின் நம்பரைக் குழுவில் போடக் கூடாது, அவரே சம்மதித்த பிறகுதான். ஆண்கள் மட்டும் கூடிச் சிரித்துவிட்டுப் போவதற்குப் பெயர் முன்னாள் மாணவர் கூட்டம் என்றால் எனக்கு அதில் கணக்கு எழுத இஷ்டமில்லை. உன் பக்கம் சிங்கப்பூரிலேயே மூன்று நான்கு பேர் இருப்பதாகச் சொன்னாயே, அவர்களிடம் கேள். ஒருவர் மூலமாக இன்னொருவர் கிடைப்பார்.

மற்றபடி வளாகத்தில் தையில் பொங்கல் விழா, அதற்குப் பின்னால் நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் முகாம், சிறப்பு விருந்தினர் தேதி கொடுத்தால் பட்டமளிப்பு. பதிவாளர் அலுவலகம் இப்போது நம்மைப் பார்த்துச் சிரிக்கிறது. கல்லூரிகளுக்குத் தரம் போடும் நாக் மதிப்பீட்டில் முன்னாள் மாணவர் பங்கேற்புக்குத் தனித் தலைப்பு இருக்கிறது, வேறொன்றுமில்லை. நீ இன்னும் தற்காலிகச் சான்றிதழை வைத்தே காலம் தள்ளுகிறாய் என்று தங்கச்சிக்குத் தெரியுமா? நேரில் வராமல் பட்டம் பெறும் விண்ணப்பத்தை இத்துடன் அனுப்புகிறேன். பெயரை எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் இருக்கிறபடியே எழுது. சிங்கப்பூர்ப் பாஸ்போர்ட்டில் அப்பா பெயரைச் சேர்த்து நீட்டி வைத்திருக்கிறாயே, அப்படி எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பழைய போட்டோக்களைச் செல்போனில் எடுத்து அனுப்பாதே, ஸ்கேன் செய்து 600 டிபிஐ-யில் அனுப்பு, யார் யார் என்று இடமிருந்து வலமாக எழுதிவிடு. சுவரில் பெரிதாக ஒட்டப் போகிறோம். கோடாலித் தைலம் வேண்டாம், ஊரில் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. விமான டிக்கெட் போட்டதும் தேதியைச் சொல், 25-ஆம் தேதியே இங்கே இருக்கப் பார். தங்கச்சியின் பாஸ்போர்ட் நகலை என் சொந்த நம்பருக்கு அனுப்பு, குழுவில் போட்டுவிடாதே.

உன்,
கணக்கப்பிள்ளை