நவம்பர் மாதக் கடலுக்குக் கணக்குப் போடுங்கள்

சென்னையின் மழைநீர் வடிகால்களையும் கழிமுகங்களையும் கவனிக்கும் மாநகராட்சி, நீர்வளத்துறைப் பொறியாளர்களுக்கு,

வணக்கம்.

வடிகால் கடலை நோக்கி வெளியே விழும் முனையின் உயரத்தை, அதாவது கடைமட்டத்தை, தீர்மானிக்கும்போது கடலுக்கு ஆண்டு முழுவதும் ஒரே சராசரியை எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதுதான் எங்கள் முதல் கோரிக்கை. சென்னைக் கரையில் கடலின் மாதச் சராசரி பங்குனி வாக்கில் தாழ்ந்து, ஐப்பசி, கார்த்திகையில் உச்சத்துக்கு வரும். கரையோர நீரோட்டம் அப்போது தெற்கு நோக்கித் திரும்பி நீரைக் கரைப்பக்கம் ஒதுக்குகிறது. வடக்கே ஆறுகள் கொட்டிய நன்னீர் கலந்த லேசான நீரும் கூடவே வருகிறது. இரண்டு பருவத்துக்கும் ஏறக்குறைய ஓரடி வித்தியாசம். நமக்குப் பெருமழை பெய்வதும் அதே மாதங்களில்தான். அதற்கு மேல் ஓதம், அதாவது கடல்நீரின் அன்றாட ஏற்ற இறக்கம்; அமாவாசை, பௌர்ணமியில் அது பெரிதாகும். அதற்கும் மேல் புயல்: காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல் சுமார் 1 செ.மீ. உயரும், காற்று தள்ளிக்கொண்டு வரும் நீர் தனிக் கணக்கு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கரையருகே மெல்ல ஊர்ந்தபோது பெருமழையும் புயலால் உயர்ந்த கடலும் கூடிக்கொண்டன.

ஓரடி என்ன பெரிதா? பள்ளிக்கரணை சதுப்புநிலத்து நீர் ஒக்கியம் மடுவு என்ற கால்வாய் வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயில் சேர்ந்து, பத்து கிலோமீட்டருக்கு மேல் ஓடி முட்டுக்காட்டில்தான் கடலைப் பார்க்கிறது. இரண்டு முனைக்கும் 50 செ.மீ. மட்ட வித்தியாசம் இருந்தாலே சரிவு 20,000-க்கு 1 என்ற அளவுகூட இல்லை. அந்த 50, 25 ஆனால் ஓட்டம் சுமார் முப்பது சதவீதம் குறையும். பன்னிரண்டரை ஆனால் பாதியாகிவிடும். கால்வாயை அகலப்படுத்திக் கிடைக்கும் பலனில் ஒரு பகுதியை உயர்ந்த கடலே தின்றுவிடும்.

இன்னொரு பிழை சின்னதாகத் தெரியும், ஆனால் வேலையைக் கெடுத்துவிடும். துறைமுக ஓத அட்டவணையில் உள்ள உயரம் கடல் வரைபட மட்டத்திலிருந்து, அதாவது கப்பல்களுக்கான வரைபடம் பூஜ்யமாகக் கொள்ளும் தாழ்ந்த நீர்மட்டத்திலிருந்து அளந்தது. வடிகால் வரைபடத்தில் இருப்பது சராசரிக் கடல் மட்டத்திலிருந்து. இரண்டுக்கும் அரை மீட்டருக்குச் சற்று அதிகமான வித்தியாசம் உண்டு. ஒன்றை மற்றொன்றோடு நேரடியாக ஒப்பிட்டால் கணக்கு மொத்தமும் தவறும்.

ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தை மணல் மூடும்போது அதை வெட்டித் திறப்பது பற்றி. பொக்லைன் வந்த நேரத்துக்கு வெட்டினால் மண் திரும்ப விழும். உள்பக்கத்திலிருந்து வெட்டிக்கொண்டு வந்து, கடலோரத்தில் மண்கட்டு ஒன்றை விட்டுவையுங்கள். ஏற்றம் முடிந்து நீர் இறங்கத் தொடங்கி, உள்நீர் கடலைவிட உயரமாக நிற்கும்போது அந்தக் கட்டை உடையுங்கள். அடுத்த சில மணி நேர வற்றம், அதாவது இறங்கும் நீரின் ஓட்டம், வாயைத் தானே அரித்து ஆழப்படுத்தும். நீர் ஏறும் நேரத்தில் உடைத்தால் கடல்தான் மணலை உள்ளே தள்ளும். வாடைக் காற்றுக் காலத்தில் மணல் தெற்கே நகரும். ஆகவே அள்ளிய மண்ணை வாயின் வடக்குப் பக்கம் குவிப்பது அதே வேலையை மறுபடி வாங்கிக்கொள்வதற்குச் சமம். வாய் திறந்தே இருக்க, ஒவ்வொரு ஓதத்துக்கும் போதுமான நீர் உள்ளே போய் வர வேண்டும். கழிமுகத்தைச் சேறும் கட்டடக் கழிவும் அடைத்துக்கொண்டால், எத்தனை முறை வெட்டினாலும் வாய் மூடிக்கொள்ளும்.

மழைநீரை வெளியே விட்டு, கடல்நீரை உள்ளே விடாத ஒருவழிக் கதவை வடிகாலின் வாயில் வைப்பது நல்லதுதான். ஆனால் ஒரு பிளாஸ்டிக் பை கீல் இடுக்கில் மாட்டினாலே கதவு பாதி திறந்து நிற்கும், ஓதநீர் தெருவுக்கு வரும். உப்புநீரில் கீல் துருப்பிடிக்கும், கதவு உட்காரும் விளிம்பில் கொட்டலசு என்ற ஓடுள்ள சிறு கடலுயிர் ஒட்டும். மாதம் ஒருமுறை வற்ற நேரத்தில் கையால் தூக்கி விட்டுப் பார்க்க ஆள் வேண்டும். அந்தச் செலவை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். கதவு மூடியிருக்கும் மணி நேரங்களில் மழைநீர் நிற்க இடமும், அதை இறைக்க பம்பும் இல்லாவிட்டால் கதவே வெள்ளத்துக்குக் காரணமாகிவிடும்.

வட இந்தியப் பெருங்கடலின் மட்டம் 1993-க்குப் பிறகு ஆண்டுக்குச் சுமார் 3.3 மி.மீ. உயர்ந்திருக்கிறது. இன்று கட்டும் கான்கிரீட் வடிகால் முப்பது ஆண்டு இருக்குமென்றால் பத்து சென்டிமீட்டரை இப்போதே சேர்த்துவிடுங்கள்.

அடையாறு, கூவம், முட்டுக்காடு, எண்ணூர் வாய்கள் நான்கிலும் சராசரிக் கடல் மட்டத்தோடு இணைத்த அளவுகோல் நட்டு, மணிக்கொரு முறை எடுக்கும் அளவை அன்றைய ஓத நேரத்தோடு பொதுவில் வெளியிடுங்கள். அக்டோபர் முதல் வாரத்துக்குள் செய்தால் இந்தப் பருவத்துக்கே உதவும்.

இப்படிக்கு,
கழிமுக நீர்மட்டத்தை அளப்பவர்கள் சிலர்