எமி நொய்தர் சம்பளமின்றிக் கற்பித்த ஆண்டுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் ஞாயிறு இதழில் ஜேர்மனியக் கணித மேதை எமி நொய்தர் பற்றி வெளியான கட்டுரையை வாசித்து மகிழ்ந்தேன். அவரது மேதைமையை விரிவாகப் பேசிய கட்டுரை, அவர் ஊதியமின்றி உழைத்த ஆண்டுகளை ஒரு வரியில் கடந்துவிட்டது. 1907இல் கலாநிதிப் பட்டம் பெற்றவர், எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் ஏழாண்டுகள் சம்பளமில்லாமல் பணியாற்றினார். 1915இல் கொட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்கு அழைக்கப்பட்டபோதும், பெண் என்பதால் விரிவுரையாளர் தகுதி மறுக்கப்பட்டது. அவரது விரிவுரைகள் அங்கிருந்த கணிதப் பேராசிரியர் டேவிட் ஹில்பேர்ட்டின் பெயரில் அறிவிக்கப்பட்டன. சக்திக் காப்பு (சக்தி ஆக்கப்படுவதோ அழிக்கப்படுவதோ இல்லை) போன்ற விதிகளுக்கும் இயற்கையின் சமச்சீருக்கும் (இடமோ நேரமோ மாறினாலும் இயற்கை விதிகள் மாறாதிருப்பதற்கும்) உள்ள தொடர்பை நிறுவிய அவரது தேற்றம் 1918இல், அந்த நிலையிலேயே வெளிவந்தது. இதை விரிவாகச் சொல்லாவிட்டால், தடைகளை எழுப்பிய நிறுவனங்கள் நம் பார்வையிலிருந்து தப்பிவிடுகின்றன.

கொழும்பில் இருபத்திரண்டு ஆண்டுகள் உயர்தர மாணவிகளுக்கு இணைந்த கணிதம் கற்பித்தவள் நான். சக்திக் காப்பு விதியைக் கரும்பலகையில் எழுதிய ஒருநாள், முன்வரிசை மாணவி ஒருத்தி பேனையை மூடிவைத்துவிட்டு, “ரீச்சர், இந்தக் கணக்கெல்லாம் கண்டுபிடித்தவர்களில் ஒரு பெண்ணாவது இருக்கிறாரா?” என்று கேட்டாள். அன்று என்னிடம் பதில் இல்லை. நொய்தரைப் பற்றி நானே பிற்பாடுதான் அறிந்தேன். அவளுக்குச் சொல்ல முடியாமற்போனது இன்றும் உறுத்துகிறது. உயர்தர ஆசிரியர் வழிகாட்டியில், சக்திக் காப்புப் பாடத்தோடு நொய்தரின் வாழ்க்கைக்கு அரைப் பக்கம் ஒதுக்குமாறு கல்வி அமைச்சை வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
வெள்ளவத்தை, கொழும்பு 6